கோவை ட்ராக்குக்குப் போகிறேன் அண்ணாச்சி, அம்மா வேண்டாம் என்கிறாள்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு 24 வயது. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை பாளையங்கோட்டையில். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் 390 சிசி பைக் வாங்கினேன். ஞாயிறு விடியற்காலையில் கூட்டாளிகளோடு நாங்குநேரி தாண்டி காவல்கிணறு வரை நாலுவழிச் சாலையில் போய்வருவோம். ஒரு தடவை 160 தொட்டிருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் பந்தய ட்ராக்கில் நாமே ஓட்டிப் பார்க்கலாம் என்று பணம் கட்டியிருக்கிறேன். அம்மா அழுகிறாள். நண்பன் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று இருக்கிறது. ட்ராக் என்ன, ரோட்டைவிட ஆபத்தா? வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்? சனிக்கிழமை ராத்திரி வண்டியிலேயே கிளம்பி, ஞாயிறு முழுக்க ஓட்டிவிட்டு, அன்று ராத்திரியே திரும்பிவிடலாம் என்று திட்டம். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது.

பதில்:

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை 160 என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டாம் தடவை படித்தபோது, அன்று ராத்திரியே திரும்புவேன் என்றாயே, அதுதான் அதைவிடப் பயமாக இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். பாளையங்கோட்டையில் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பையன்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், ட்ராக்கில் கொடி பிடிக்கும் மார்ஷலாகவும் நின்றிருக்கிறேன். அந்த மூன்று இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ரோடு. 160 கி.மீ. வேகம் என்றால் ஒரு நொடிக்கு 44 மீட்டர். ஆட்டைக் கண் பார்த்து, மனது முடிவெடுத்து, விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு நொடி போய்விடும். அதற்குள் நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளத்தைத் தாண்டியிருப்பாய், இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. நாங்குநேரிக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில் விடியற்காலையில் என்ன வரும் என்று உனக்கே தெரியும். மயில் குறுக்கே இறங்கும். டீக்கடைக்குப் போக லாரி டிரைவர் ரோட்டைக் கடப்பார். யூ டர்ன் வரை போக மனமில்லாமல் எதிர்த்திசையிலேயே ஒரு மொபெட் வரும், அதில் விளக்கும் எரியாது. ஆடி மாதம் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடிப் பக்கம் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளும். இதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை இன்றோடு நிறுத்து. ட்ராக்குக்குப் போக ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. வேகம் பார்க்க வேண்டும் என்றால் அதற்கென்று கட்டிய இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

செட்டிபாளையத்தில் இருக்கும் அந்த ட்ராக் கரிவரதன் பெயரில் இருக்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் செய்துகாட்டிய கோயம்புத்தூர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். ட்ராக் 2003-இல் திறந்தது. சுமார் 2 கி.மீ. நீளம்தான், வளைவுகள் நிறைய. உன் 160-ஐத் தேடுவதற்கான இடம் அது இல்லை. வளைவில் எங்கே பிரேக் விட வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எப்போது ஆக்சிலேட்டர் திறக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள நல்ல இடம்.

ட்ராக்கில் ஆடு இல்லை, எதிரே வண்டி இல்லை, வழுக்கிப் போனால் மோத மின்கம்பம் இல்லை. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதற்காக ஆபத்தே கிடையாது என்று உன் அம்மாவிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் 2023-ஆம் வருடம் மட்டும் இரண்டு உயிர் போயிற்று. ஜனவரியில் 59 வயது கார் வீரர், ஆகஸ்டில் பைக் ஓட்டிய 13 வயதுச் சிறுவன். ஒருவருக்கு அத்தனை வருட அனுபவம், இன்னொன்று குழந்தை. இரண்டும் பந்தயத்தில் நடந்தவை. நீ போவது பந்தயம் இல்லை. அங்கே முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. ஆனால் தரை அதே தரைதான், தம்பி.

நான் ஒரு ட்ராக்கில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் கொடியோடு நின்றுகொண்டிருந்தேன். காலை மூன்றாவது சுற்று இருக்கும். ஒரு பையன் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, வளைவுக்குள் திரும்ப முடியாமல் நேராக வெளியே மண்ணுக்குள் போனான். விழவில்லை. வண்டியை நிமிர்த்தியே வைத்திருந்தான், நன்றாகத்தான் சமாளித்தான். அதோடு அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்ற கூச்சம். முறுக்கிக்கொண்டு சரேலென்று ட்ராக்குக்குள் குறுக்காக ஏறினான், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இரண்டு பேர். முன்னால் வந்தவன் ஒரு சாண் இடைவெளியில் தப்பினான். அடுத்தவனின் முன்சக்கரம் இவன் பின்சக்கரத்தில் மோதியது. நான் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் வாசனை வந்துவிட்டது. இடித்தவனுக்குக் காரை எலும்பு முறிந்து ஒரு கை தொங்கிப்போயிற்று. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. மண்ணிலிருந்து ஏறின பையன் எழுந்து நின்று, ஹெல்மெட் கண்ணாடி முழுக்கப் புழுதியோடு, “பின்னால யாரும் இல்லைன்னு நெனச்சேன் அண்ணாச்சி” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ட்ராக்கில் அடிபட்டவர்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் வேகத்தால் விழவில்லை. ஒருவன் திடீரென்று ஏதோ செய்தான், பின்னால் வந்தவன் அதை எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். யாரையும் திடுக்கிட வைக்காதே. நீ அடுத்து என்ன செய்வாய் என்று பின்னால் வருகிறவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மெதுவாகப் போ, பரவாயில்லை. ஒரே மாதிரி போ.

இதில் நம் ஊர்ப் பழக்கமே நமக்கு எதிரி. ரோட்டில் பின்னால் ஹாரன் கேட்டால் என்ன செய்வோம்? இடது பக்கம் ஒதுங்குவோம். சைக்கிள் பழகின நாளிலிருந்து வந்த மரியாதை அது. ட்ராக்கில் அதே மரியாதையைச் செய்தால் ஆள் செத்துப்போவான். வேகமாக வருகிறவன் உன்னைப் பார்த்துவிட்டான், எந்தப் பக்கமாகத் தாண்டுவது என்றும் முடிவுசெய்துவிட்டான். அந்த நேரத்தில் நீ ஒதுங்கினால் சரியாக அவன் வரும் பாதையில் போய் நிற்பாய். நீ போய்க்கொண்டிருந்த கோட்டிலேயே போ. தாண்டுவது அவன் பொறுப்பு. நீல நிறக் கொடி காட்டினாலும் இதேதான். பின்னால் வேகமான வண்டி வருகிறது என்று உனக்குத் தெரிவிக்கிறார்கள், ஓரம் கட்டச் சொல்லவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிடச் சொல்வதும் அதற்குத்தான். முன்னால் இருப்பதைப் பார்த்தால் போதும்.

நீ யாரையாவது தாண்டுவதாக இருந்தால் நேர்ப்பாதையில் தாண்டு, நிறைய இடம் விட்டுத் தாண்டு. வளைவுக்குள் மூக்கை நுழைக்காதே. வெளியே வர நினைத்தால் முன்னாலேயே இடது கையைத் தூக்கிக் காட்டு, பிறகு ஓரத்தோடு மெதுவாகப் போய், வண்டிகள் நின்று கிளம்பும் பிட் லேனுக்குள் திரும்பு. பிட் லேனிலிருந்து ட்ராக்குக்குள் ஏறும்போது அங்கே போட்டிருக்கும் கோடு முடியும்வரை கோட்டுக்கு உள்ளேயே இரு. வண்டியில் ஏதோ சத்தம் கேட்டால், இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்காதே, கையைத் தூக்கி ஓரமாக வந்துவிடு.

மண்ணுக்குள் போய்விட்டால் முன் பிரேக்கை இறுக்காதே. வண்டியை நிமிர்த்தி, ஆக்சிலேட்டரை விட்டு, அதுவாக வேகம் குறையட்டும். நின்றதும் மார்ஷலைத் தேடிப் பார். அவர் கையைக் காட்டிய பிறகுதான் ஏற வேண்டும், அதுவும் ஓரத்தோடு, மற்ற வண்டிகள் போகும் திசைக்கு இணையாக. ஏறின சுற்றிலேயே பிட்டுக்கு வந்து டயரில் ஒட்டின கல்லையும் மண்ணையும் தட்டிவிடு. உன் டயரிலிருந்து விழும் கல் அடுத்தவன் டயருக்கு அடியில்தான் போகும்.

கொடிகளைக் காலையில் வகுப்பெடுக்கும்போதே மனப்பாடம் செய்துகொள். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் தாண்டாதே. மஞ்சளில் சிவப்புப் பட்டை இருந்தால் தரையில் ஆயிலோ தண்ணீரோ கிடக்கிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது. பதறி பிரேக் போடாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து பிட்டுக்கு வா. கறுப்புக் கொடி உன்னைப் பார்த்துக் காட்டினால் நீ மட்டும் உள்ளே வர வேண்டும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உன் வண்டியில் கோளாறு, ஓரமாக ஒதுங்கிவிடு. கொடி எந்தெந்த இடத்தில் இருக்கும் என்று முதல் சுற்றிலேயே கண்ணால் பார்த்து வைத்துக்கொள்.

இனி வண்டி. டயர், செயின் எல்லாம் பார்ப்பாய் என்று தெரியும், அதனால் எல்லாரும் விட்டுவிடுகிற ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். பிரேக் ஆயில். நான் முதல் தடவை ட்ராக்கில் ஓட்டியபோது எனக்கு நடந்தது இது. ஐந்தாவது சுற்று. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். லீவர் பஞ்சு போல அமுங்கி ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. வண்டி நிற்கவில்லை. நேராக மண்ணுக்குள் போய்ப் படுத்தேன். கை மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தது. காரணம் மிகச் சாதாரணம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது அதன் தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி என்றால் ஆவி. திரவத்தை அழுத்தினால் பேடு போய் டிஸ்க்கைக் கவ்வும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் அமுங்கும். ரோட்டில் நாம் பிடிக்கிற பிரேக்குக்கு அவ்வளவு சூடு ஏறாது, அதனால் பழைய ஆயில் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் ஓடிவிடும். ட்ராக்கில் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். உன் வண்டி வாங்கி ஒன்றரை வருடம் என்கிறாய். போவதற்கு முந்தின வாரம் புது டாட் 4 ஊற்றி, பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்துவிடு. பேடையும் பார்த்துக்கொள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது லீவர் முன்னைவிட உள்ளே போகிறது என்று தோன்றினால் அதே சுற்றில் வெளியே வந்துவிடு.

ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட்டை எடுத்துவிட்டு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்லும் ட்ராக்குகள் உண்டு. கூலன்ட் தரையில் கொட்டினால் எண்ணெய் போல வழுக்கும், துடைக்கவும் முடியாது. நடத்துகிறவர்களிடம் கேட்டுச் செய். இன்ஜின் ஆயில் கழற்றும் போல்ட்டை நானாக இருந்தால் கழன்று விழாமல் கம்பி போட்டுக் கட்டிவிடுவேன். சாரி கார்டு, கண்ணாடி, நம்பர் பிளேட் கழற்ற வேண்டியிருக்கும், விளக்குகளின் மேல் டேப் ஒட்ட வேண்டும். உடைந்தால் துண்டு சிதறக்கூடாது. ஓட்டி முடித்து வந்ததும் டயர் சூடு ஆறுவதற்குள் காற்றை ஒரு தடவை அளந்து பார், பயிற்சியாளரிடம் காட்டு, அவர் சொல்கிறபடி குறை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பழசாகி இறுகின டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது.

உடுப்பு விஷயத்தில் கூட்டாளியிடம் கடன் வாங்காதே. ஜீன்ஸும் ரோட்டு ஜாக்கெட்டும் போதாது. தோல் சூட், முதுகுக் காப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், மணிக்கட்டைத் தாண்டி வரும் கையுறை, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். சூட் வாடகைக்குக் கிடைக்குமா என்று நடத்துகிறவர்களிடம் முன்னாலேயே கேள். கிடைத்தால் போட்டு உட்கார்ந்து, குனிந்து, முட்டி மடக்கிப் பார்த்து எடு. தொளதொளப்பான சூட் விழுந்த உடனே சுருண்டு மேலேறிவிடும். ஹெல்மெட் மட்டும் சொந்தமாக, உன் தலைக்கு இறுக்கமானதாக வாங்கு. ஒரு தடவை அடிபட்டது, கீழே விழுந்தது வேண்டாம். பட்டையைக் கட்டிவிட்டுத் தாடைப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார். கழன்று வந்தால் அது ஹெல்மெட் இல்லை.

பணம் கட்டிவிட்டாய், சரி. ஆனாலும் போன் போட்டு இவ்வளவையும் கேள். ஒரே நேரத்தில் எத்தனை வண்டி உள்ளே விடுவீர்கள்? காரும் பைக்கும் தனித்தனியா? புதுசாக வருகிறவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரிப்பீர்களா? ஆம்புலன்ஸ் யாரையாவது ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அது திரும்பும்வரை ஓட்டத்தை நிறுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்கு இழுத்தடித்துப் பதில் சொன்னால், பணம் போனால் போகிறது, போகாதே. உன் வண்டி இன்சூரன்ஸ் தாளையும் எடுத்துப் படி. பந்தயம், வேகச் சோதனைக்கு வண்டியைப் பயன்படுத்தினால் செல்லாது என்று அதில் இருக்கும். வண்டி உடைந்தால் உன் கைக்காசு. உன் மருத்துவக் காப்பீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் போவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்.

தோல் சூட்டுக்குள் கோயம்புத்தூர் வெயிலில் எவ்வளவு வியர்க்கும் என்று போட்டால்தான் தெரியும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சூட்டை இடுப்புவரை இறக்கி, நிழலில் உட்கார்ந்து, உப்புப் போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ குடி. மதியம் பிரியாணி வேண்டாம். முதல் இரண்டு சுற்று டயர் சூடேறுவதற்கும் கண் பழகுவதற்கும் மட்டும். எவனையும் துரத்தாதே. முன்னால் போகிறவனின் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போனால் அவன் தப்பு செய்யும்போது நீயும் அதே தப்பைச் செய்வாய். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் வண்டி போகும். நாளின் கடைசி ஓட்டத்தை ஓட்டாமல் விட்டுவிடு. காசு கொடுத்திருக்கிறோமே என்று தோன்றும். கை சோர்ந்து, கவனம் சிதறி, இன்னும் ஒரு சுற்று என்று ஓடுகிறபோதுதான் நிறையப் பேர் விழுவார்கள்.

இப்போது திரும்பி வரும் விஷயம். என்னிடம் பழகின ஒரு பையன், உன் வயதுதான். ட்ராக்கில் நாள் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினான். நாலுவழிச் சாலையில் ராத்திரி திரும்பும்போது விருதுநகர் தாண்டிக் கண் சொக்கிவிட்டது. நடுவில் இருக்கும் கட்டைச்சுவரில் ஏறினான். உயிர் பிழைத்தான். தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் உட்கார்ந்து எழும்போது கையை ஊன்றித்தான் எழுகிறான்.

சனிக்கிழமை ராத்திரி 350 கி.மீ. ஓட்டி, தூங்காமல் ட்ராக்கில் இறங்கி, பிறகு மறுபடி 350 கி.மீ. இதைச் சின்ன வயது என்று சொல்லித் தாண்ட முடியாது. இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்க வேகத்தில் இருந்த கண்ணுக்கு ரோட்டில் 100 போனாலும் 60 போகிற மாதிரி இருக்கும். ஆக்சிலேட்டரைத் தன்னையறியாமல் திறப்பாய். உன்னைப் போல இரண்டு மூன்று பேர் போகிறீர்கள் என்றால் சேர்ந்து ஒரு குட்டி யானை பேசி வண்டிகளை ஏற்றி அனுப்புங்கள். நீங்கள் நாகர்கோவில்–கோயம்புத்தூர் இரவு ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டு போங்கள். தனியாகத்தான் போகிறாய், வண்டியிலேயேதான் போக வேண்டும் என்றால் சனிக்கிழமை காலையில் கிளம்பு. ராத்திரி அங்கே தூங்கு. ஞாயிறு ராத்திரியும் அங்கேயே தூங்கு. திங்கள் காலையில் டேப்பை உரித்து, கண்ணாடியையும் நம்பர் பிளேட்டையும் மாட்டி, டயரில் ரோட்டுக்கு உரிய காற்றை அடித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. ஆபீஸுக்கு லீவு சொல். லீவு கிடைக்காது என்றால் லீவு கிடைக்கும் மாதத்தில் போ. ட்ராக் எங்கேயும் போய்விடாது.

அம்மாவிடம் கல்யாணம் என்று சொல்லாதே. காலையில் அங்கே போனதும் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், ரத்த வகை, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். மார்ஷலாக நின்ற நாட்களில் அந்தப் படிவங்களைப் புரட்டியிருக்கிறேன். கூட வந்த கூட்டாளியின் நம்பரையே எழுதிவைத்தவர்கள் உண்டு. ஒரு தடவை அப்படி எழுதின பையன் மயங்கிக் கிடக்கிறான், கூட்டாளி ட்ராக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறான், அவன் போன் பையில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது அவன் அம்மாவுக்குத் தெரியும், படிவத்தில் அவன் எழுதாததால் எங்களுக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் உன் அம்மாவின் நம்பர்தான் இருக்க வேண்டும். அந்த போன் வந்தால் எந்த ஊர், என்ன இடம் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் வேண்டும்.

போவதற்கு முந்தின ஞாயிறு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வா. பிரேக் ஆயிலை நானே மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம். அம்மாவையும் பின்னால் உட்கார வைத்து அறுபதுக்குள் கூட்டிக்கொண்டு வா. சூட், ஹெல்மெட், முதுகுக் காப்பு எல்லாம் இங்கே மேஜைமேல் எடுத்து வைக்கிறேன். அவள் தொட்டுப் பார்க்கட்டும். கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம் கேட்கட்டும்.